தவணைக்கு 14 வாரம். உங்கள் கையில் எத்தனை?

புதிய தவணை தொடங்கும்போது நம் மாணவர்களின் மேசைகளைப் பார்த்தால் மகிழ்ச்சியாக இருக்கும். நான்கு நிறத்தில் கால அட்டவணை, புதிய நாட்குறிப்பு, சுவரில் ஒட்டிய இலக்குகள், காலை 5 மணிக்கு எழும் உறுதி. ஆறாவது வாரத்தில் அதே மேசையைப் பார்த்தால் அட்டவணை சுவரில் இருக்கும், வாழ்க்கை வேறெங்கோ ஓடிக்கொண்டிருக்கும்.

இதைச் சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. பெற்றோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், பல வேளைகளில் மாணவர்களும் தங்களைப் பற்றி அப்படியே நினைத்துக்கொள்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. முதுகலை, முனைவர் படிப்புக்கு வந்தவர்களில் சோம்பேறிகள் குறைவு. பட்டப்படிப்பை முடித்து, பலர் வேலையும் பார்த்துக்கொண்டு, தாமாக முன்வந்து மேற்படிப்பில் சேர்ந்தவர்கள் அவர்கள். தவறு திட்டத்தின் கணக்கில் இருக்கிறது. இல்லாத நேரத்தை இருப்பதாக எண்ணித் திட்டமிடுகிறோம். எளிதில் தள்ளிப்போகக்கூடிய வேலைக்கோ அந்தத் திட்டத்தில் இடமே ஒதுக்குவதில்லை.

தேதி இல்லாத வேலை

இளங்கலைப் படிப்பு ஓரளவுக்குப் பள்ளிக்கூடம் போன்றதுதான். விரிவுரை எப்போது, இடுபணி எப்போது, தேர்வு எப்போது என்று பிறர் குறித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தத் தேதிகளைத் துரத்திக்கொண்டே போனால் பட்டம் வந்துவிடும்.

மேற்படிப்பில் நிலைமை வேறு. அதிலும் தேதி உள்ள வேலைகள் உண்டு. ஆனால், பட்டத்தைத் தீர்மானிக்கும் வேலைகளுக்குத் தேதி இல்லை. ஆய்வுத் தலைப்பைக் கூர்மைப்படுத்துவது, முந்தைய ஆய்வுகளைப் படிப்பது, தரவு திரட்டுவது, அத்தியாயம் எழுதுவது ஆகிய எவற்றையும் "வரும் வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் அனுப்பு" என்று யாரும் கேட்பதில்லை. கேட்காததால் அவை தள்ளிப்போகின்றன. தேதி உள்ள சிறு வேலை, தேதி இல்லாத பெரிய வேலையை ஒவ்வொரு வாரமும் விழுங்கிவிடுகிறது. தவணை முடிவில் எல்லா இடுபணிகளையும் ஒப்படைத்திருப்போம், ஆய்வேட்டில் ஒரு பக்கம்கூட கூடியிருக்காது. ஆய்வு வழியாக மட்டும் முனைவர் பட்டம் செய்வோருக்கு இடுபணியும் கிடையாது. அவர்களின் தவணை முழுவதுமே தேதி இல்லாத வேலைதான்.

எனவே தவணைத் திட்டத்தின் முதல் வேலை, தேதி இல்லாதவற்றுக்கு நாமே தேதி வைப்பது. அந்தத் தேதியை நம் மனத்துக்குள் மட்டும் வைத்துக்கொண்டால் பயனில்லை. மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். "ஐயா, ஐந்தாம் வாரம் புதன்கிழமை ஆய்வு முன்மொழிவின் முதல் பகுதியை அனுப்புகிறேன், ஆறாம் வாரம் சந்திக்கலாமா?" என்று தவணையின் முதல் வாரத்திலேயே கேட்டு நாள் வாங்கிவிடுங்கள். பேராசிரியர்களின் நாட்குறிப்பும் வேகமாக நிரம்பிவிடும். முதல் வாரத்தில் கேட்பவருக்கு மூன்று சந்திப்பு கிடைக்கும். பத்தாம் வாரத்தில் கேட்பவருக்கு ஒன்று கிடைத்தாலே பெரிது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

நம் நாட்டின் பெரும்பாலான பொதுப் பல்கலைக்கழகங்களில் ஒரு தவணையில் விரிவுரை வாரங்கள் 14. நடுவில் ஒரு வாரம் விடுப்பு, பிறகு மீள்பார்வை வாரம், அதன்பின் தேர்வு. 14 வாரம் என்றால் மூன்று மாதத்திற்கும் சற்று அதிகம், தாராளமாகத் தோன்றும்.

இப்போது கழிப்போம். பதிவு, அறிமுகம், பாட மாற்றம் என்று முதல் வாரம் போய்விடும். கடைசி இரண்டு வாரங்கள் இடுபணி ஒப்படைப்புக்கும் வகுப்புப் படைப்புகளுக்குமே சரியாக இருக்கும். அக்டோபரில் தொடங்கும் தவணையானால் தீபாவளி நடுவே வரும், அந்த ஒரு வாரத்தை மறந்துவிடுங்கள். காய்ச்சலோ, உறவினர் திருமணமோ, ஊரில் ஒரு துக்கமோ இன்னொரு வாரத்தை எடுத்துக்கொள்ளும். மிச்சம் ஒன்பது வாரம். பொங்கலையும் தைப்பூசத்தையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்தது மணிக்கணக்கு. மலேசியத் தகுதிக் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். விரிவுரை, சொந்த வாசிப்பு, இடுபணி, தேர்வுக்கான ஆயத்தம் அனைத்தும் அதில் அடக்கம். அப்படியானால் 3 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 120 மணி நேரம். மூன்று பாடம் எடுத்தால் 360 மணி நேரம். 14 வாரத்திற்குப் பகிர்ந்தால் வாரத்திற்கு ஏறக்குறைய 26 மணி நேரம் வருகிறது. மீள்பார்வை, தேர்வு வாரங்களையும் சேர்த்து 17 வாரமாகப் பகிர்ந்தாலும் 21 மணி நேரத்திற்குக் குறையாது.

கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை பகுதி நேரமாக முதுகலை படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பகலில் பள்ளி. மாலையில் வீடு, பிள்ளைகள், பாட ஆயத்தம். வார நாள்களில் நான்கு இரவு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் எட்டு. சனிக்கிழமை வகுப்புக்கு ஆறு. ஞாயிற்றுக்கிழமை நான்கு. மொத்தம் 18 மணி நேரம். இதற்கே அவரைப் பாராட்ட வேண்டும். ஆனால் அவர் மூன்று பாடத்திற்குப் பதிந்திருந்தால், கணக்கு முதல் நாளே தவறிவிட்டது. எந்த வண்ண அட்டவணையும் அதைச் சரிசெய்யாது. இரண்டு பாடத்திற்குப் பதிந்திருந்தால் வாரத்திற்கு 17 மணி நேரம் போதும். மூச்சுவிடலாம்.

"இரண்டு இரண்டாக எடுத்தால் எப்போது முடிப்பது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாடநெறி வழி முதுகலைக்கு 40 கிரெடிட் தேவை. தவணைக்கு ஆறு கிரெடிட் என்றால் ஏழு தவணை, ஒன்பது என்றால் ஐந்து தவணை. ஓர் ஆண்டு வித்தியாசம் வருகிறது. படிப்புக்கு அனுமதிக்கப்படும் அதிகபட்சக் காலத்தையும் உபகாரச் சம்பளத்தின் கால வரம்பையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் முடிவெடுங்கள். நண்பர்கள் மூன்று பாடம் எடுக்கிறார்கள் என்பதற்காக நாமும் எடுத்து, ஒன்றில் தோற்று, மறுபடியும் கட்டணம் கட்டி அதே பாடத்தில் உட்காருவதில் எந்த வேகமும் இல்லை. குறைவாக எடுப்பது தோல்வி என்ற எண்ணத்தை நாம் விட்டுவிட வேண்டும்.

நம் மதிப்பீட்டை நம்பக்கூடாது

கனடாவைச் சேர்ந்த ரோஜர் பியூலர் உள்ளிட்ட மூன்று மனோவியல் ஆய்வாளர்கள் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்றை ஒவ்வொரு மாணவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த பட்டப்படிப்பு மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே தவறாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டார்கள். 49 நாள் என்றார்கள். உண்மையில் சராசரியாக ஏறக்குறைய 56 நாள் ஆனது. மிக மோசமான நிலை என்று அவர்கள் கற்பனை செய்ததையும் நிஜம் தாண்டிவிட்டது. சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் பத்துப் பேரில் மூன்று பேர்தான்.

அந்த மாணவர்கள் பொய் சொல்லவில்லை. வேலையைப் பற்றி நினைத்தார்கள், குறுக்கே வரக்கூடியவற்றைப் பற்றி நினைக்கவில்லை. நாமும் அப்படித்தான். "அந்த அத்தியாயத்தை இரண்டு வாரத்தில் முடித்துவிடுவேன்" என்று சொல்லும்போது மடிக்கணினி பழுதாகும், நேர்காணலுக்கு ஒப்புக்கொண்டவர் வெளியூர் போவார், தேடிய நூல் இரவலில் போயிருக்கும் என்பதையெல்லாம் கணக்கில் எடுப்பதில்லை.

இதற்கு நேர்மாறான இன்னோர் உண்மையும் உண்டு. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறோமோ அவ்வளவு நேரத்தையும் நிரப்பும்படி அந்த வேலை பெருகிக்கொண்டே போகும் என்பது பார்க்கின்சன் விதி. 1955இல் இதை எழுதிய நார்த்கோட் பார்க்கின்சன், அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராகப் பணியாற்றியவர். அவர் அரசு அலுவலகங்களைக் கேலி செய்து எழுதியது நம் இடுபணிகளுக்கும் பொருந்துகிறது. எட்டுப் பக்க இடுபணிக்கு ஒரு மாதம் இருந்தால், அட்டைப் பக்கத்தின் எழுத்துருவைத் தேர்வு செய்யவே ஒரு மாலை போய்விடும்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நடைமுறை கிடைக்கிறது. சிறிய வேலைகளுக்கு நேரத்தை இறுக்குங்கள். மின்னஞ்சலுக்கு அரை மணி, வகுப்புப் படைப்பின் ஸ்லைடுகளுக்கு மூன்று மணி, அதற்கு மேல் இல்லை என்று வையுங்கள். பெரிய வேலைகளுக்கு உங்கள் மனம் சொல்லும் காலத்தைவிட ஒன்றரை மடங்கு ஒதுக்குங்கள். இரண்டு வாரம் என்று தோன்றினால் மூன்று வாரம் என்று எழுதுங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சிறியது பெருத்துப் பெரியதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

பிறர் கையில் இருப்பதை முதலில் தொடங்குங்கள்

நாம் உட்கார்ந்தால் முடியக்கூடிய வேலை ஒருவகை. பிறர் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டிய வேலை இன்னொருவகை. இரண்டாவதைத் தாமதமாகத் தொடங்குவதுதான் பல ஆய்வுகளுக்கு ஒரு தவணையை இழக்கச் செய்கிறது.

தமிழ்ப்பள்ளிகளில் ஆய்வு செய்ய விரும்புவோரை எடுத்துக்கொள்வோம். கேள்வித்தாளை அச்சடித்துக்கொண்டு நேரே தலைமையாசிரியரைப் பார்க்க முடியாது. இபிஆர்டி என்று அழைக்கப்படும் கல்வி அமைச்சின் ஆய்வுப் பிரிவிடம் அனுமதி பெற வேண்டும். மாநிலக் கல்வி இலாகாவுக்கும் தகவல் போக வேண்டும். பல பல்கலைக்கழகங்களில் ஆய்வு நெறிக் குழுவின் ஒப்புதலும் தேவை. அதற்குள் பள்ளியில் தேர்வுக் காலம் வந்தாலோ, ஆண்டிறுதி விடுமுறை தொடங்கினாலோ, அடுத்த வாய்ப்பு சில மாதங்கள் கழித்துத்தான். அனுமதிக்கு விண்ணப்பிக்கும் வேலை இரண்டு மாலைகளில் முடியக்கூடியது. அந்த இரண்டு மாலைகளை இரண்டாம் வாரத்தில் ஒதுக்குவதா, ஒன்பதாம் வாரத்தில் ஒதுக்குவதா என்பதில்தான் ஒரு தவணை அடங்கியிருக்கிறது.

பழைய நாளேடுகளையும் ஆவணங்களையும் தேடுவோருக்கும் இதேதான். தேசிய ஆவணக் காப்பகத்திலோ சென்னையின் ரோஜா முத்தையா நூலகத்திலோ பார்க்க வேண்டியவை இருந்தால், என்னென்ன தேவை என்ற பட்டியலை முதலில் தயார் செய்து, முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பட்டியல் இல்லாமல் போனால் பயணச் செலவு மட்டுமே மிஞ்சும்.

வாரத்தின் வடிவம்

வாராந்திரத் திட்டத்திற்கு நான் சொல்வது மூன்றே செய்திகள்.

முதலாவது, ஆய்வெழுத்துக்கான நேரத்தை அட்டவணையில் முதலில் குறியுங்கள், மற்றவை அதைச் சுற்றி அமையட்டும். வாரம் இரண்டு முறை, ஒவ்வொன்றும் 90 நிமிடம் போதும். ஒன்பது வாரத்தில் 27 மணி நேரம் ஆகிறது. ஒரு முறைக்கு 300 சொல் எழுதினாலும் தவணை முடிவில் 5,400 சொல் கையில் இருக்கும். செம்மைப்படுத்தும்போது பாதி போனாலும் ஓர் அத்தியாயத்தின் நல்ல பகுதி மிஞ்சும். "விடுமுறையில் ஒரே மூச்சில் எழுதிவிடலாம்" என்று காத்திருப்பவர்களுக்கு விடுமுறை வேறு வேலைகளோடுதான் வருகிறது.

இரண்டாவது, இலக்கை வினையாக எழுதாமல் பொருளாக எழுதுங்கள். "முந்தைய ஆய்வுகளைப் படிப்பேன்" என்பது இலக்கு ஆகாது, அதற்கு முடிவே இல்லை. "எட்டாம் வாரத்திற்குள் 12 கட்டுரைகளுக்கு ஒவ்வொரு பத்திக் குறிப்பு இருக்கும்" என்பது இலக்கு. இருக்கிறதா இல்லையா என்று எவரும் பார்த்துச் சொல்லிவிடலாம்.

மூன்றாவது, ஞாயிறு இரவு 20 நிமிடம் கணக்குப் பாருங்கள். எது நடந்தது, எது நடக்கவில்லை, நடக்காதது எந்த வாரத்திற்குப் போகிறது? நடக்காததை மறுநாளே சேர்த்துச் செய்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். கடன்மேல் கடன் ஏறினால் எட்டாம் வாரத்தில் திட்டத்தையே தூக்கி எறியத் தோன்றும். ஒன்றை நகர்த்தினால் இன்னொன்றைக் கைவிடத் தயாராக இருங்கள். எதை விடுவது என்று நாம் முடிவு செய்யாவிட்டால், களைப்பு நமக்காக முடிவு செய்துவிடும்.

வீட்டிலும் சொல்லுங்கள்

பல திட்டமிடல் நூல்கள் மாணவரைத் தனி மனிதராகவே எண்ணி எழுதப்பட்டவை. நம் மாணவர்கள் அப்படி வாழ்வதில்லை. அக்காள் மகளின் காதுகுத்து உண்டு, கோயில் திருவிழா உண்டு, தம்பிக்கு எஸ்பிஎம் கணிதம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு உண்டு, பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் முறை உண்டு. இவற்றை இடையூறு என்று பட்டியலிடும் திட்டம் நம்மிடம் நிலைக்காது. இவற்றை முதலிலேயே நாள்காட்டியில் குறித்துக்கொண்டு, மிச்ச நேரத்தைத் தெளிவாகக் கேட்டுப் பெறுவதுதான் சரி.

பெண்களுக்கு இது இன்னும் கடினம். மேற்படிப்பு படிக்கும் மகளோ மருமகளோ வீட்டில் இருந்தால், புத்தகத்தைத் திறந்திருக்கும் நேரம் வேலை நேரமாகப் பலர் கண்ணுக்குத் தெரிவதில்லை. "சும்மா உட்கார்ந்து படிக்கிறாள்தானே" என்ற ஒரு சொல்லில் 90 நிமிடம் கரைந்துவிடும். ஆகவே நேரத்தைச் சொல்லிவிடுங்கள். "செவ்வாய், வியாழன் இரவு எட்டரை முதல் பத்து வரை என்னை அழைக்க வேண்டாம்" என்று சொல்வது மரியாதைக் குறைவு அல்ல. கணவரும் பெற்றோரும் மாமியாரும் இதைப் படித்தால், வாரத்தில் அந்த மூன்று மணி நேரத்தைக் காத்துக்கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். படிப்புக் கட்டணத்தில் உதவுவதற்கு நிகரான உதவி அது.

ஆய்வுக்கு அட்டவணை போட முடியுமா?

இதற்கெல்லாம் ஒரு மறுப்பு உண்டு. "ஆய்வு என்ன தொழிற்சாலையா? சிந்தனை எப்போது வரும் என்று யார் சொல்ல முடியும்?" என்பார்கள். உண்மைதான். கண்டுபிடிப்புக்குத் தேதி குறிக்க முடியாது. ஆனால் மேசைக்கு வரும் நேரத்தைக் குறிக்க முடியும். மேசைக்கே வராதவருக்கு எந்தச் சிந்தனையும் வந்து பயனில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. கட்டணம் கட்டப் பகுதி நேர வேலையும் பிரத்தியேக வகுப்பும் செய்பவரிடம் போய்த் திட்டமிடு என்று சொல்வது எளிது, நேரத்திற்கு எங்கே போவார்? இதற்கு மாணவர் மட்டும் பதில் சொல்ல முடியாது. மேற்பார்வையாளர்களும் தவணையின் தொடக்கத்திலேயே சந்திப்பு நாள்களை அறிவிக்கலாம். வரைவைப் பெற்றால் எத்தனை வாரத்தில் திருப்பித் தருவோம் என்று சொல்லிவிடலாம். மாணவர் சங்கங்கள் வாரம் ஒரு மாலை சேர்ந்து அமர்ந்து எழுதும் கூட்டம் நடத்தலாம். அதற்கு ஓர் அறையும் சில நாற்காலிகளும் போதும். நேரம் குறைவாக உள்ளவருக்குத்தான் திட்டம் அதிகம் தேவை. நேரம் நிறைய உள்ளவர் இரண்டு வாரத்தை வீணாக்கிவிட்டும் தப்பிப்பார்.

தாமதத்தின் விலை

முடிக்காமல் நீளும் ஒவ்வொரு தவணைக்கும் கட்டணம் உண்டு. உபகாரச் சம்பளமோ குறித்த காலத்தோடு நின்றுவிடும். அதைவிடப் பெரிய விலையும் உண்டு. நம் சமூகத்தைப் பற்றிய ஆய்வுகள் பலவற்றுக்கு மூலம் காகிதத்தில் இல்லை, மனிதர்களிடம் இருக்கிறது. சயாம்–பர்மா மரண ரயில் பாதைக்கு 1942, 43ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட இளைஞருக்கு அப்போது 18 வயது என்றால், இன்று அவர் நூறு வயதைக் கடந்திருக்க வேண்டும். அந்த அனுபவத்தைச் சொல்லக் கேட்கும் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. தோட்டப் பள்ளிகள், தொழிற்சங்கப் போராட்டங்கள், துண்டாடப்பட்ட தோட்டங்கள் ஆகியவற்றை நினைவில் வைத்திருக்கும் முதியவர்களும் நம் தவணைத் திட்டத்திற்காகக் காத்திருக்கப் போவதில்லை. "அடுத்த தவணையில் பேட்டி எடுக்கலாம்" என்று தள்ளிவைப்பதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.

இடைநிலைப்பள்ளியில் படிக்கும் தம்பி தங்கைகள் இது தங்களுக்கில்லை என்று கடந்துவிட வேண்டாம். ஆறாம் படிவமும் மூன்று தவணையாகத்தான் நடக்கிறது. அங்கேயும் தவணையின் தொடக்கம் நீளமாகவும் முடிவு குறுகலாகவும் தோன்றும். வாரங்களை எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை 17 வயதில் பெற்றவருக்கு 25 வயதில் ஆய்வேடு மலையாகத் தெரியாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளை எடுத்து 14 கோடு போடுங்கள். போகும் வாரங்களை முதலில் அடியுங்கள். மிச்சத்தை எண்ணுங்கள். அந்த வாரங்களில் எழுதும் நேரம் இரண்டை மட்டும் மையால் குறித்து, மற்றதைப் பென்சிலால் எழுதுங்கள். பிறகு மேற்பார்வையாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி முதல் சந்திப்புக்கு நாள் கேளுங்கள். அட்டவணைக்கு வண்ணம் தீட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.